அந்த அரிசி ஃப்ளேக்ஸை ஏன் நிறுத்தினார்கள்?

புதுச்சேரி நேரு வீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் கார்ன் ஃப்ளேக்ஸ் அலமாரி நிறைய இருக்கிறது, சாக்லேட் போட்டது, தேன் போட்டது, பாதாம் போட்டது என்று என்னென்னவோ இருக்கிறது. 90களில் வந்த அந்த அரிசி ஃப்ளேக்ஸ் மட்டும் இல்லவே இல்லை. சோறு தின்று வளர்ந்த ஊரில் அரிசியில் செய்ததைத்தான் நிறுத்துவார்களா? எரிச்சலாக வருகிறது.

மெல்லிசாக, ஓரம் லேசாகச் சுருண்டு, பாக்கெட்டைப் பிரித்ததும் அரிசி வறுத்த வாசம் வரும். எங்கள் வீட்டில் பான்லே பாலைக் காய்ச்சிச் சூடாகத்தான் ஊற்றுவார்கள், சூடான பாலில் எந்த ஃப்ளேக்ஸும் சீக்கிரம் சொதசொதவென்று ஆகிவிடும், ஆனால் அரிசி ஊறினாலும் ருசி, அடியில் கஞ்சி மாதிரி திரண்டு நிற்கும் அந்தப் பாலுக்காகவே எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை வரும். சோளம் ஊறினால் தின்னவே பிடிக்காது.

கடைக்காரரிடம் கேட்டால், "அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சுண்ணே, ஓட்ஸ் தரவா?" என்கிறார். ஓட்ஸ் யாருக்கு வேண்டும்? அவலைப் பாலில் போட்டுக்கொள் என்கிறார் அம்மா. அவல் நல்லதுதான், ஆனால் அந்த மொறுமொறுப்பு அதில் ஏது? சரி, விற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், விலையைக் குறைத்துச் சின்ன பாக்கெட்டாகப் போட்டுப் பார்த்திருக்கலாமே, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்த வேண்டுமா?