முதுகலை உளவியல் மாணவர்கள் உளவியலாளர் சங்கத்தில் சேர வேண்டுமா?

எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டுக்கு வரும் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கிறார்கள்: "மேடம், ஏதாவது சங்கத்தில் உறுப்பினராகட்டுமா? வேலைக்கு உதவுமா?" வேலை கிடைக்கப் பெரிதாக உதவாது. ஆனாலும் சேருங்கள் என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உறுப்பினர் சான்றிதழ் தொழில் உரிமம் ஆகாது. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்குக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, மனம் உடைந்து வருகிறவர் அதை உரிமம் என்று நம்பும்படி விடுவது மோசடி. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படியென்றால் எதற்குச் சேர்வது? படிப்பை முடித்து ஒரு பள்ளியில் ஆலோசகராகச் சேர்கிறீர்கள். பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகச் சொல்லி, "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று அழுகிறாள். ரகசியம் காப்போம் என்றுதான் வகுப்பில் படித்தோம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமோ புகார் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் அதுவே குற்றம். சட்டத்தின் விடை தெளிவாக இருக்கிறது. ஆனால் அதை அந்தக் குழந்தையிடம் எந்தச் சொற்களில் சொல்வது, "நம் பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்று தடுக்கும் நிர்வாகத்தை எப்படி எதிர்கொள்வது, அன்றிரவு அவள் அதே வீட்டுக்குத் திரும்பாமல் இருக்க யாரை அழைப்பது? இவற்றைப் பாடநூல் சொல்லித்தராது. இதே நிலையில் நின்ற மூத்தவர்கள்தான் சொல்லித்தர முடியும். கல்லூரியை விட்டு வெளியே வந்தபின் அவர்களை எங்கே தேடுவீர்கள்? பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் ஆலோசகர்கள் பெரும்பாலும் தனியாள்தான். மருத்துவ உளவியலாளர் அல்லாத பிற உளவியலாளர்களை, இணை மருத்துவத் தொழில்களுக்கான தனிச் சட்டம் ஒன்று தன் பட்டியலில் சேர்த்ததே 2021இல்தான். "நீ செய்தது சரியா?" என்று சக தொழிலாளி ஒருவர் உரிமையோடு கேட்கும் இடம் நமக்கு வேண்டும். சங்கத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

சங்கங்களும் தவறும். அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு ஒன்று, கைதிகளைச் சித்திரவதை செய்வதாகப் புகார் எழுந்திருந்த தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கேற்பது தொழில் நெறிக்கு உட்பட்டதே என்று 2005இல் அறிவித்தது. அக்குழுவில் இருந்த ஜீன் மரியா அரிகோ அதை வெளிப்படையாக எதிர்த்தார். உறுப்பினர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சங்க நிர்வாகிகள் பாதுகாப்புத் துறை அதிகாரிகளோடு கைகோத்திருந்ததைச் சுயேச்சையான விசாரணை அறிக்கை 2015இல் அம்பலப்படுத்தியது. அடுத்த மாதமே, அத்தகைய விசாரணைகளில் பங்கேற்பதைத் தடை செய்யும் தீர்மானம் 157க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. உள்ளே இருந்து கேட்டவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

எதில் சேர்வது என்பது உங்கள் நாட்டத்தைப் பொறுத்தது. மருத்துவ உளவியல் என்றால் 1968 முதல் இயங்கும் இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கத்தின் விதிகளைப் பாருங்கள். ஆய்வில் ஆர்வம் என்றால் 1989இல் தொடங்கிய தேசிய உளவியல் அகாதமி இருக்கிறது. 'சைக்கலாஜிக்கல் ஸ்டடீஸ்' அவர்களுடைய ஆய்விதழ்தான். ஒன்று போதும். தற்குறிப்பில் ஐந்து பெயர்களை அடுக்கி, ஒரு கூட்டத்துக்கும் போகாதவரைவிட, ஒரே மாநாட்டில் தன் ஆய்வேட்டை முன்வைத்துக் கடுமையான கேள்விகளை வாங்கி வந்தவர் அதிகம் கற்றிருப்பார். கையில் பணமில்லை என்றால் கடன் வாங்கிச் சேர வேண்டாம். வேலைக்குப் போன பிறகு சேரலாம்.

கட்டணம் செலுத்துவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மாணவ உறுப்பினருக்கு வாக்குரிமை உண்டா? உறுப்பினர் மீது புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள்? ஆண்டுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படுகிறதா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு சங்கத்தைப் பாருங்கள். வேறு இல்லையென்றால் அதிலேயே சேர்ந்து, முதல் பொதுக்குழுவில் எழுந்து நின்று அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள்.