குமரி மாவட்டம் கேரளா ‘கொடுத்தது’ இல்லை

நவம்பர் 1 நெருங்கினாலே நாகர்கோவில் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும்: கன்னியாகுமரி கேரளாவின் மாவட்டமாக இருந்ததாம், 1956இல் அதைத் தமிழ்நாட்டுக்குத் தாரைவார்த்தார்களாம். இந்த முறை எங்கள் குடும்பக் குழுவிலேயே சித்தப்பா போட்டுவிட்டார்.

தப்பு. கேரளம் என்ற மாநிலமே அதே 1956 நவம்பர் 1 அன்றுதான் பிறந்தது. பிறக்காத மாநிலம் எதைத் தாரைவார்க்கும்? அதுவரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. சேர்ந்ததும் சென்னை மாநிலத்தோடு. தமிழ்நாடு என்ற பெயர் 1969இல்தான் வந்தது.

‘கொடுத்தார்கள்’ என்ற சொல்தான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் வருஷக்கணக்கில் போராடிப் பெற்றது இது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள், அவ்வளவுக்குப் பிறகும் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, தமிழர்கள் கேட்ட தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளப் பக்கமே நின்றுவிட்டன.

சரி, குழப்பம் வருவதும் புரிகிறது. தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில், பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. எங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டன் காலத்துப் பத்திரம் ஒன்று, மடிப்பெல்லாம் கிழிந்து, மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டு (மலையாள நாட்காட்டியின் ஆண்டு) போட்டுக் கிடக்கிறது. அது திருவிதாங்கூர் காலத்துத் தாள், சித்தப்பா. கேரளத்தினுடையது இல்லை.