பேரேட்டில் பென்சிலால் எழுதிய 'ஆடி'

1997 ஜூன். போச்சம்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து நானும் அம்மாவும் இரண்டு பஸ் மாறி, சலேசிய சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபை நடத்தும் ஒரு கல்லூரியின் ஆபீஸில் போய் நின்றோம். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணினார். ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டியதில் பாதிகூட இல்லை. "சாமி, மண்டிக்காரரு ஆடியிலதான் கணக்கு முடிப்பாரு. மாங்காப் பணம் வந்ததும் கட்டிடறேன்" என்றார். ஃபாதர் பேரேட்டைத் திருப்பி, என் பெயருக்கு நேரே பென்சிலால் 'ஆடி' என்று எழுதினார். "பையன் இன்னிக்கே தங்கட்டும்மா, பெட்டிய உள்ள வைக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இன்று நான் சாப்பிடும் சோற்றில் அந்தப் பென்சில் எழுத்துக்கும் பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் அக்கா மகளுக்கு பி.காம். இடம் கேட்டு வேறொரு துறவற சபையின் கல்லூரிக்குப் போனோம். எய்டட் இடங்கள் முதல் பட்டியலிலேயே முடிந்துவிட்டன. செல்ஃப் பைனான்ஸில் இடம் இருக்கிறது, ஆனால் இரண்டு நாளுக்குள் ஆன்லைனில் முழுப் பணமும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் லிங்க் மூடிவிடும் என்றார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரில் தவணை போட அவருக்கு வழி இல்லை. மேலே யாரையாவது பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். ஃபாதர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். மதியம் மூன்று மணி வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த ஃபாதர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லவில்லை. எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசு தருவது, அதனால் பீஸ் குறைவு. செல்ஃப் பைனான்ஸில் சம்பளத்திலிருந்து கரண்ட் பில் வரை மாணவர் கட்டுகிற பணம்தான். புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு உதவி நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. கல்லூரி வளர வளர, பணம் கட்டிப் படிக்கிற பக்கம்தான் வளர்கிறது. ஹாஸ்டலில் மாணவர்களோடு தங்கி, ராத்திரி படிப்பு நேரத்தில் டார்ச்சோடு சுற்றி வந்த ஃபாதர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் இந்தக் கல்லூரிகள் பல்கலைக்கழகம் ஆகிற பேச்சு வருகிறது. பெங்களூரைப் பாருங்கள். 1882இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி, இயேசு சபையினர் கையில் 2022இல் பல்கலைக்கழகமாகிவிட்டது. கார்மல் சபையின் கிறைஸ்ட் கல்லூரி 1969இல் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சலேசிய சபைக்கும் அசாமில் 2008 முதல் டான் போஸ்கோ பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகள், எய்டட் கல்லூரிகள் உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாற அது வழி திறந்தது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததும் மறுபரிசீலனை செய்வதாக அரசு அறிவித்தது. அந்த நாட்களில் துறவற சபைகளின் பக்கமிருந்து தெளிவாக ஒரு குரல் வரும் என்று எதிர்பார்த்தேன். என் காதுக்கு எதுவும் எட்டவில்லை.

பல்கலைக்கழகம் ஆவதை நான் எதிர்க்கவில்லை. சொந்தமாகப் பாடத்திட்டம் எழுதலாம், சொந்தமாக ஆராய்ச்சி செய்யலாம். அது பெரிய சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தை யாருக்காகச் செலவு செய்யப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வதோர் நாட்டில் இயேசு சபையினர் 1965இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம் உண்டு. எண்பதுகளில் அங்கே உள்நாட்டுப் போர். அதன் தலைவராக, அதாவது ரெக்டராக இருந்த இக்னாசியோ எல்லாகுரியா என்ற குரு, நாட்டின் ஏழைகள் நிலைமைதான் பல்கலைக்கழகத்தின் முதல் பாடம் என்று நின்றார். அவரோடு இருந்த மார்ட்டின் பாரோ என்ற உளவியல் பேராசிரியர், போருக்கு நடுவே ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கருத்துக்கணிப்பு எடுத்து வெளியிட்டார். 1989 நவம்பர் 16 விடியும் முன்பே ராணுவத்தினர் வளாகத்துக்குள் புகுந்து இவர்களையும் சேர்த்து ஆறு குருக்களையும், வீட்டு வேலை பார்த்த எல்பா ராமோஸையும், அவர் மகள் செலினாவையும் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் செய்துவந்த வேலை புள்ளிவிவரம் சேகரிப்பதும், பாடம் நடத்துவதும், கட்டுரை எழுதுவதும்தான். ஒரு பல்கலைக்கழகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அதற்கு எவ்வளவு பலம் என்பது அங்கே இருந்த அதிகாரத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். என்னோடு ஹாஸ்டலில் இருந்த பென்னாகரத்துப் பையன் போட்டோ எடுக்கும்போது வாயைத் திறக்கவே மாட்டான். பல்லெல்லாம் பழுப்புக் கோடு. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. அவன் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே முட்டி மடங்காது. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013இல். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகும் எந்தெந்த ஊரில் இன்னும் போர்வெல் தண்ணீர் குடிக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள்? வீடு வீடாகப் போய்க் கேட்டு வருஷா வருஷம் அறிக்கை வெளியிட ஒரு வேதியியல் துறையும் சமூகப்பணித் துறையும் சேர்ந்தால் போதும். மாங்கூழ் கம்பெனிக்காரர்கள் சொல்கிற விலைக்கு விவசாயி ஏன் தலையாட்ட வேண்டியிருக்கிறது, பெங்களூர் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகள் எத்தனாம் வகுப்பில் நிற்கிறார்கள் என்றும் கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. பாடத்திட்டம் எழுதுகிற சுதந்திரம் கையில் இருப்பவர்கள் உட்கார வேண்டிய இடம் இதுதான்.

இங்கே துறவற சபைகளுக்கு வேர் இருக்கிறது. கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தர்மபுரி மறைமாவட்டம் 1997இல் உருவானபோது முதல் ஆயராக (பிஷப்பாக) வந்தவரே ஒரு சலேசியர். அந்தச் சபையைத் தொடங்கிய டான் போஸ்கோ, இத்தாலியின் தூரின் நகரில் வேலை தேடி வந்த அநாதைப் பையன்களை வைத்துத்தான் தொடங்கினார். ஓசூரில் பஸ் ஏறி பெங்களூர் போய் இங்கிலீஷில் படித்துவிட்டு வர வசதி உள்ள பிள்ளைகளுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. அரூரிலும் பாலக்கோட்டிலும் தமிழில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அப்படி இல்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது உதவும், செல்ஃப் பைனான்ஸ் பீஸுக்கு அது எந்த மூலைக்கு?

அந்த மசோதா திரும்ப வந்தால் சபைகளின் மாகாணத் தலைவர்கள் சட்டமன்றம் விவாதிக்கும் முன்பே பேச வேண்டும். பல்கலைக்கழகம் ஆனாலும் எய்டட் இடங்களில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டோம், ஆசிரியர் ஓய்வு பெறும் இடத்தை நிரப்பக் கேட்டு அரசோடு மல்லுக்கு நிற்போம், தர்மபுரி கிருஷ்ணகிரி மாதிரி மாவட்டங்களின் முதல் பட்டதாரிகளுக்கு இத்தனை இடம், இத்தனை ஹாஸ்டல் படுக்கை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் பாடத்தைத் தமிழிலும் சொல்லித் தர வேண்டும். அப்புறம் அந்த ஆன்லைன் லிங்கில் தவணை கேட்கிற பிள்ளைக்கு ஒரு கட்டம் வையுங்கள், ஃபாதர். எங்கள் பக்கம் இப்போதும் மண்டிக் கணக்கு ஆடியில்தான் முடிகிறது.