பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

இறந்துபோன தந்தையின் இறப்புப் பதிவைத் தேடி வருபவரிடம் "கண்டுபிடித்துவிட்டோம்" என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பதைத் திருட்டு என்றுதான் சொல்வேன். "பதிவுத் தேடல் சேவை" என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்துக்கொண்டாலும் என் கருத்து மாறாது. சிங்கப்பூரில் நம்மவர்கள், அதிலும் பெரியவர்கள், இப்படிப்பட்ட தளங்களில் சிக்கிக்கொள்வதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால் இன்று சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு பெரியவருக்கு ஊரில் நிலப் பங்கு பிரிக்கும் விவகாரம். இங்கே காலமான அவருடைய தந்தையின் இறப்புச் சான்று வேண்டும் என்று தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். அவர் தேடுபொறியில் தட்டிப் பார்த்து, முதலில் வந்ததைத் திறந்தார். அது விளம்பரம் என்பதற்கான அடையாளம் பொடி எழுத்தில் இருந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. பக்கத்தின் மேலே சிங்கப்பூரின் சின்னமான மெர்லயன் படம். பெயரைப் போட்டதும் ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது. "அரசாங்கத் தரவுகள் தேடப்படுகின்றன", "நீதிமன்றப் பதிவுகள் தேடப்படுகின்றன" என்று வரிசையாக வாசகங்கள். விழுக்காடு மெல்ல மெல்ல ஏறியது. கடைசியில் "3 பதிவுகள் கிடைத்துள்ளன, பார்ப்பதற்கு 1 டாலர் மட்டும்" என்றது. 1 டாலர்தானே என்று கடன் அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டார். கிடைத்தது, எங்கே விண்ணப்பிக்கலாம் என்று பொதுவாக எழுதிய ஒரு பக்கம். அடுத்த மாதத்திலிருந்து அட்டையில் மாதச் சந்தா விழத் தொடங்கியது.

அவருடைய மகள் அந்தத் தளத்தை என்னிடம் காட்டினார். அதே பெட்டியில் யாருக்கும் பெயராக இருக்க முடியாத சில எழுத்துகளைத் தட்டினேன். அதே வட்டம், அதே விழுக்காடு, அதே "3 பதிவுகள்". அந்தத் தளம் எந்தத் தரவுத்தளத்தையும் தொடவில்லை. சுழலும் வட்டம் வெறும் படம். காத்திருக்க வைத்தால் ஏதோ வேலை நடக்கிறது என்று நம்புவோம். அந்த நம்பிக்கைக்குத்தான் காசு வாங்குகிறார்கள்.

இங்கே பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை வைத்திருப்பது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். பழைய பதிவின் நகல் வேண்டுமென்றால் அந்த ஆணையத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2022 மே 29 முதல் புதிய பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் மின்னிலக்க வடிவத்திலேயே வருகின்றன. அந்தப் பதிவேட்டைத் தனியார் தளம் எதுவும் திறந்து பார்க்க முடியாது. பெரியவருக்கும் ஆணையத்தின் மூலம்தான் கடைசியில் நகல் கிடைத்தது, மகளின் உதவியோடு.

ஆகவே எதைத் தேடினாலும், பெயரைத் தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பதிவேட்டை எழுதி வைத்திருப்பது யார்? திருமணம் என்றால் திருமணப் பதிவகம். ஒரு நிறுவனம் உண்மையில் பதிவானதா என்று பார்க்க, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளம். நில உரிமை என்றால் சிங்கப்பூர் நில ஆணையம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனை விலை வேண்டுமா, அதை வீவகவே இலவசமாக வெளியிடுகிறது. கட்டணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அரசாங்கமும் சிலவற்றுக்குக் கட்டணம் வாங்குகிறது. நிறுவனத் தகவல்களை முறையான அனுமதியோடு விற்கும் தனியாரும் உண்டு. தன்னிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்வதும், 1 டாலர் என்று அழைத்துச் சந்தாவில் கட்டிப்போடுவதும்தான் தவறு.

எனக்கு இதைவிடக் கோபம் வருவது வேறொரு வகைத் தளத்தின் மீது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது நம் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது சிலர், பையன் அமெரிக்காவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் அவன் பெயரை ஆள் தேடும் தளங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். "இவர்மீது கைதுப் பதிவு இருக்கலாம்" என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. அதோடு சம்பந்தம் நின்றுபோகிறது. அந்த "இருக்கலாம்" எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்ற இரண்டு அமெரிக்கத் தளங்கள்மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. வெறும் போக்குவரத்து அபராதச் சீட்டு வாங்கியவர்களுக்குக்கூடக் குற்றப் பதிவு இருப்பதுபோல் காட்டி ஆட்களைச் சந்தா கட்ட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 58 லட்சம் அமெரிக்க டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

நம் பெயர்களை நினைத்துப் பாருங்கள். குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். ஒரே சண்முகத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! எஸ். குமார் என்று தேடினால் உலகத்தில் உள்ள எஸ். குமார்கள் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். யாரோ ஒருவருடைய அபராதச் சீட்டு உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பார்த்த பையனின் தலையில் விழும். அவனுக்கு அது தெரியவே வராது, மறுத்துப் பேச வாய்ப்பும் இருக்காது. இது பாவம்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் தெளிவானது. இங்கே ஒருவருடைய குற்றப் பதிவை அடுத்தவர் தேடிப் பார்க்க வழியே இல்லை. நற்சான்று வேண்டுபவர் தமக்காகத் தாமே காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். "சிங்கப்பூர்க் குற்றப் பதிவுத் தேடல்" என்று எந்தத் தளம் சொன்னாலும் உடனே மூடிவிடுங்கள்.

ஊரில் சொத்து உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும். பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் நடந்த பிறப்பு, இறப்பு என்றால் மாநகராட்சித் தளத்திலிருந்தே சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். "வெளிநாடுவாழ் தமிழருக்குச் சிறப்புச் சேவை" என்று சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) விலை சொல்பவர்கள் பெரும்பாலும் இதே பக்கங்களைத் திறந்து அச்செடுத்துத்தான் தருகிறார்கள். ஊரிலிருந்து உறவினர் வரும்போது நிரப்ப வேண்டிய சிங்கப்பூர் வருகை அட்டையும் இலவசம்தான். அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்களைப் பற்றிக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமே எச்சரித்திருக்கிறது.

முகவரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஆபத்து நீங்கும். சிங்கப்பூர் அரசாங்கத் தளத்தின் முகவரி பெரும்பாலும் "ஜிஓவி புள்ளி எஸ்ஜி" (gov.sg) என்று முடியும். முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஜிஓவி, எஸ்ஜி என்ற எழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கேயோ இருந்து, அதன் பிறகு "காம்" என்று முடிந்தால் அது அரசாங்கத் தளம் அல்ல. நடுவில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலும் அல்ல. பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். மோசடித் தளத்துக்கும் பூட்டுப் படம் கிடைத்துவிடுகிறது.

பணம் போனாலாவது தெரிந்துவிடும். கொடுத்த விவரங்கள் என்ன ஆயின என்பது தெரியாது. முழுப் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், முகவரி, அடையாள அட்டை எண் என்று எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் புதிய பிஸ்ஃபைல் தளத்தில் முழு அடையாள அட்டை எண்கள் சில நாள் தெரிந்தபோது நாடே கொதித்தது. சரியான கோபம்தான். அதே நாம், யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளத்துக்கு அதே எண்ணை நாமே தட்டிக் கொடுக்கலாமா?

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்த தாத்தாவைப் பற்றி ஏதாவது கிடைக்காதா என்ற ஏக்கம் எனக்குப் புரியும்; அந்த ஏக்கத்தைத்தான் இவர்கள் விலைபேசுகிறார்கள். காசு கொடுக்கும் முன்னால் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குப் போங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே இருக்கின்றன. எல்லாப் பக்கங்களும் வீட்டிலிருந்தே திறக்காது, சிலவற்றை நூலகக் கணினியில்தான் பார்க்க வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பழைய புகைப்படங்களும் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளும் உண்டு, தமிழில் பேசியவையும் அடக்கம். ஆங்கிலத்தில் தேடும்போது பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். முதலில் வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கட்டணத்தை மறுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அட்டையை முடக்கிப் புதிய எண்ணில் வேறு அட்டை கேளுங்கள். சந்தாவை ரத்து செய்துவிட்டோம் என்று தளம் அனுப்பும் மின்னஞ்சலை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கட்டணம் கேட்ட பக்கத்தையும் அட்டைக் கணக்கில் விழுந்த தொகையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வங்கி கேட்கும். மோசடியா என்று சந்தேகம் இருந்தால், மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ எந்த நேரமும் அழைக்கலாம். அரசாங்க மின்சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் சிங்பாஸின் மறைச்சொல்லையும் அந்தத் தளத்தில் தட்டியிருந்தால், வங்கிக்குப் பேசிய கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.