நான்கு வயது ரையும் பதினெட்டு வயது கர்வமும்

சனிக்கிழமை விருந்தில் எடுத்து இணையத்தில் போட்ட அந்தப் படத்தையும் அதன் கீழே குவிந்த சிரிப்புக் குறிகளையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால், நடந்ததை முழுதாக விவரிக்கப் போவதில்லை. நான் கொண்டுபோன ரிட்டன்ஹவுஸ் ரை (ரை என்ற தானியத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கும் அமெரிக்க விஸ்கி) பாட்டிலைப் பார்த்து, "எத்தனை வருஷம்?" என்று கேட்டார்கள். "குறைந்தது நான்கு" என்றேன். "இன்னும் பால்குடி மறக்காத சரக்கு" என்று ஒருவர் சொல்ல, சபை சிரித்தது. அதன்பின் என் பாட்டில் கோலாவுக்குள் போனது. பதினெட்டாண்டு ஸ்காட்ச் மட்டும் பயபக்தியோடு ஏந்தப்பட்டுப் படமானது. இதையெல்லாம் நானும் ரசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் இந்தப் பதிவு என் மனவருத்தத்தைப் பற்றியதன்று. விஸ்கியின் வயதை அதன் தரமாக எண்ணும் பழக்கத்தைப் பற்றியது.

லேபிளில் உள்ள அந்த எண், பாட்டிலில் சேர்ந்துள்ளவற்றுள் மிக இளைய விஸ்கி எத்தனை ஆண்டு பீப்பாயில் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பீப்பாய், எந்த ஊர் வெயில், எந்தத் தானியம் என்று அது சொல்வதில்லை. ஸ்காட்ச் குறைந்தது மூன்றாண்டு ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் ஏற்கெனவே போர்பன் என்ற அமெரிக்க மக்காச்சோள விஸ்கி இருந்து காலியான பீப்பாயில், குளிர்ந்த கிடங்கில், அது நிதானமாக முதிர்கிறது. அமெரிக்க ரையின் கதை வேறு. தானியக் கலவையில் 51 விழுக்காடாவது ரை இருக்க வேண்டும். உட்புறம் நெருப்பில் கருக்கிய புத்தம்புதிய ஓக்கில்தான் அதை ஊற்ற வேண்டும். புதிய மரமும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கோடையும் சேர்ந்தால், மரத்தின் சாரம் ஸ்காட்லாந்தில் காண முடியாத வேகத்தில் இறங்கிவிடும். அதைப் பதினெட்டாண்டு விட்டுவைத்தால், ரைக்கே உரிய மிளகுக் காரம் மரத்துவர்ப்பில் அமுங்கிப்போகும் ஆபத்து அதிகம். ரையிடம் போய் வயது கேட்பது, மாவடுவைக் கையில் வைத்துக்கொண்டு இது ஏன் பழுக்கவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

கேலிக்குள்ளான அந்த லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று எழுதியிருந்ததை யாராவது படித்தார்களா? கலப்படம் மலிந்திருந்த காலத்தில், 1897ஆம் ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் அது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்புக்கு உட்பட்ட கிடங்கில் நான்காண்டாவது இருந்திருக்க வேண்டும். சரியாக 50 விழுக்காடு ஆல்கஹாலில் அடைத்திருக்க வேண்டும். வெறும் 18 என்ற எண்ணைவிட இது எத்தனையோ மடங்கு தகவல். ஆனால் சிரிப்பதற்குத் தகவல் தேவையில்லை.

"அது அமெரிக்கச் சரக்கு, ஸ்காட்சில் இந்த வாதம் எடுபடாது" என்று அந்தப் படத்தின் கீழே சிலர் எழுதியிருந்தீர்கள். சரி, புகை மணக்கும் ஸ்காட்சுக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கே போவோம். பீட் என்ற சதுப்புநிலக் கரிமண்ணை எரித்த புகையில் காய்ந்த வாற்கோதுமையிலிருந்து வரும் ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள்தான் அந்தக் கடற்கரை மருந்து வாசனைக்குக் காரணம். அந்தப் புகை பீப்பாயில் ஆண்டு ஏற ஏறத் தணிந்துகொண்டே போகும். அதனால்தான் உலகின் மிகக் கடும் பீட் விஸ்கி என்று பெயர்பெற்ற ஆக்டமோரை, அத்தீவின் புரூக்லாடி வடிசாலை பெரும்பாலும் ஐந்தாண்டிலேயே வெளியிடுகிறது, அதுவும் பல பதினெட்டாண்டு பாட்டில்களைவிட அதிக விலையில். பதினாறாண்டு பாட்டிலால் புகழ்பெற்ற, அதே தீவின் லாகவூலின் வடிசாலை, 2016இல் தன் இருநூறாம் ஆண்டுக்கு எட்டாண்டு விஸ்கியை வெளியிட்டது. அங்கேயே உள்ள ஆர்ட்பெக் வடிசாலை 2020இல் ஐந்தாண்டு விஸ்கி ஒன்றைக் கொண்டுவந்து, வயதை லேபிளிலேயே அச்சடித்தது. அவர்களுக்கெல்லாம் பால்குடி மறந்ததா என்று நம் நண்பர்கள் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையில் 1797இல் ரை விஸ்கி வடிக்கத் தூண்டியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1799இல் அங்கே ஏறத்தாழ 11,000 கேலன் வடித்தார்கள். அது பீப்பாயில் முதிரவிடாமலே விற்கப்பட்ட சரக்கு. ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லாத இளக்காரம் நமக்கு எங்கிருந்து வந்தது?

எனக்கு ஒரு தாய்மாமா இருந்தார். யாரோ வெளிநாட்டிலிருந்து கொடுத்த பன்னிரண்டாண்டு ஸ்காட்சைப் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் பூட்டிவைத்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் அதற்கு ஒரு வயது கூட்டுவார். "மாப்ளே, இப்ப இதுக்கு இருபத்திரண்டு" என்று பெருமையோடு காட்டுவார். பாட்டிலுக்குள் போன விஸ்கிக்கு வயது ஏறாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை, எண்ணை வைத்து யார் மனத்தையும் புண்படுத்தியதுமில்லை.

"அப்படியானால் முதிர்ந்த விஸ்கி ஏன் அவ்வளவு விலை?" ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது, பதினெட்டாண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காணாமல் போயிருக்கும். கிடங்கு வாடகையும் முடங்கிய முதலும் அதன்மேல் ஏறும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குத்தான். சுவைக்கு உத்தரவாதம் எதுவும் அதில் இல்லை. ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் நன்றாக முதிர்ந்த பதினெட்டாண்டு விஸ்கி எனக்கும் பிடிக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. குடியை ஊக்குவிக்கிறேன் என்பவர்களுக்கு: அந்த விருந்தில் நீங்களும் இருந்தீர்கள்.

கோபம் எதற்கென்றால், யாரும் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விருந்து கொடுத்தவருக்கு இஞ்சியும் மிளகும் தூக்கலாக இருந்தால் பிடிக்கும் என்று தெரிந்து, யோசித்து யோசித்து எடுத்த பாட்டில் அது. விலைச்சீட்டைப் பார்த்து எடுத்திருந்தால் எனக்கு வேலை மிச்சம், மரியாதையும் கூடியிருக்கும். "முதலில் ரசனையை வளர்த்துக்கொள்" என்று கீழே ஒருவர் அறிவுரை எழுதியிருக்கிறார். லேபிளை மறைத்து மூன்று கோப்பை வைக்கிறேன், ராவாகவோ தண்ணீர் விட்டோ அவர் விருப்பப்படி குடிக்கட்டும். எது மூத்தது என்று சரியாகச் சொல்லிவிட்டால், அடுத்த விருந்துக்கு அவர் கேட்கும் வயதிலேயே வாங்கி வருகிறேன்.