560 கிலோ சீஸும் இரண்டு சால்வையும்

போன தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால், எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை. ஐயர், அதாவது எங்கள் போதகர், பிரசங்கத்தில் பாதி தாண்டியிருப்பார். வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பேரோடு வேட்பாளர் உள்ளே வந்தார். கமிட்டியார் இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். பிரசங்கம் நின்றது. சால்வை, ஜெபம், இரண்டு நிமிடப் பேச்சு, எல்லாருக்கும் ஒரு கும்பிடு. அவர்கள் போன பிறகு ஐயர் விட்ட இடத்தைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டார்.

எந்தக் கட்சி என்று கமென்டில் கேட்காதீர்கள். அடுத்த ஞாயிறு எதிர்க்கட்சிக்காரரும் வந்தார். அவருக்கும் அதே கடையில் வாங்கிய சால்வைதான்.

வெளியே வேப்பமரத்தடியில் கமிட்டி அண்ணன் ஒருவரிடம் பொருமினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, கல்லறைத் தோட்டத்துக்குப் பட்டா வாங்கணும். பகைச்சுக்கிட்டு நடக்குமா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார்: "சபை வேற அரசாங்கம் வேறங்கிறதெல்லாம் சாமி இல்லேங்கிறவன் கெளப்பிவிட்ட பேச்சு." இந்த இரண்டாவதுக்குத்தான் இந்தப் பதிவு. அதைக் கிளப்பிவிட்டது நாத்திகர் மட்டும் இல்லை. பைபிளை விட்டால் வேறு படிப்பு அதிகம் இல்லாத கிராமத்துப் பிரசங்கிமார் அதற்காகச் சிறைக்கே போனார்கள்.

அமெரிக்கா குடியரசாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. 1802 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டியில் 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே ஒரு சீஸ் கட்டி. நம் கணக்கில் 560 கிலோ. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செஷயர் என்ற சின்ன ஊர்க்காரர்கள் செய்தது. 900 மாட்டுப் பால் போனதாகச் சொல்வார்கள். அதில் ஒரு மாடுகூட எதிர்க்கட்சி மாடு இல்லை என்று அந்தக் காலத்திலேயே ஜோக் உண்டு. இதைக் கொண்டுவந்தவர் அந்த ஊரில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகராக இருந்த ஜான் லேலண்ட். வழியெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டே வந்தார்.

ஒரு போதகர் ஏன் ஜனாதிபதிக்கு இவ்வளவு பெரிய சீஸைச் சுமந்துகொண்டு வர வேண்டும்? நாம் இன்றைக்குப் போடும் சால்வைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. லேலண்டின் ஆட்கள் பட்ட பாட்டைப் படித்த பிறகுதான் கொஞ்சம் புரிந்தது.

அவர்கள் ஊர்ப் பக்கமான நியூ இங்கிலாந்தில் காங்கிரிகேஷனல் சபைதான் கிட்டத்தட்ட அரசாங்கச் சபை. ஊர்ப் போதகருக்குச் சம்பளம் வரிப் பணத்திலிருந்து. நீ அந்தச் சபைக்குப் போகாவிட்டாலும் வரி கட்ட வேண்டும். விலக்கு வேண்டுமென்றால், நான் இன்ன சபைக்காரன் என்று சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டாதவர்கள் என்ன ஆனார்கள்? கனெக்டிகட்டில் நார்விச் ஊரில் எலிசபெத் பேகஸ் என்ற விதவை அம்மாவை 1752 அக்டோபரில் ஓர் இரவில் வரிக்காரர் வந்து பிடித்துப்போய் 13 நாள் சிறையில் வைத்தார்கள். அந்த அம்மாவின் மகன்தான் ஐசக் பேகஸ். பின்னாளில் பாப்டிஸ்ட் போதகராகி ஆயுள் முழுக்க இந்த வரியை எதிர்த்தவர். ஆஷ்ஃபீல்ட் என்ற ஊரில் 1770-ல் பாப்டிஸ்டுகளின் 398 ஏக்கர் நிலத்தை ஏலம் விட்டு வரியை வசூலித்தார்கள். எதற்கு? இன்னொரு சபையின் போதகருக்குச் சம்பளம் கொடுக்க. நிலம் போன வீட்டில் அழுகை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் கிறிஸ்தவன் நிலத்தை ஏலம் விட்டவனும் கிறிஸ்தவன்.

இதெல்லாம் ராஜா காலம். குடியரசு வந்ததும் மாறியதா? மாசசூசெட்ஸ் 1780-ல் எழுதிய புதிய அரசியல் சட்டத்திலும் அந்த வரி உட்கார்ந்துகொண்டது. அங்கே அது முற்றிலும் போக 1833 ஆயிற்று.

தெற்கே வர்ஜீனியாவில் கதை வேறு. அங்கே அரசாங்கச் சபை ஆங்கிலிகன் சபை. உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்தார்கள் என்று டஜன் கணக்கில் பாப்டிஸ்ட் போதகர்களை உள்ளே தள்ளினார்கள். கல்பெப்பர் ஊர்ச் சிறையில் ஜேம்ஸ் அயர்லாந்து என்பவர் ஜன்னல் கம்பி வழியாகவே வெளியே நின்ற கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்திருக்கிறார். பக்கத்து ஊரில் இப்படி ஐந்தாறு நல்ல மனிதர்கள் சிறையில் கிடக்கிறார்கள் என்று 1774-ல் நண்பனுக்குக் கொதித்து எழுதினான் ஓர் இருபத்துச் சொச்ச வயது இளைஞன். பெயர் ஜேம்ஸ் மாடிசன். அமெரிக்க அரசியல் சட்டத்தை வடித்ததில் முதல் பங்கு பின்னால் அவனுடையதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1784-ல் வர்ஜீனியா சட்டசபையில் பேட்ரிக் ஹென்றி என்ற தலைவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் மசோதா பார்வைக்கு அவ்வளவு நியாயமாக இருக்கும். எல்லாரும் ஒரு வரி கட்டுங்கள். அது எந்தச் சபைப் போதகருக்குப் போக வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒருவருக்கும் ஓரவஞ்சனை இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனே இதில் பயப்பட என்ன இருக்கிறது என்கிற மாதிரி எழுதினார். இன்றைக்கு நம் ஊரில் இப்படி ஒரு திட்டம் அறிவித்தால் எத்தனை சபை வேண்டாம் என்று சொல்லும்? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள்.

பாப்டிஸ்டுகள் வேண்டாம் என்றார்கள். தங்களுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தே வேண்டாம் என்றார்கள். மாடிசன் 1785-ல் எழுதிய எதிர்ப்பு மனுவோடு ஊர் ஊராகக் கையெழுத்து மனுக்கள் போய்க் குவிந்தன. மசோதா செத்தது. அதற்குப் பதிலாக 1786 ஜனவரியில் ஜெபர்சன் எழுதிய மத சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. ஜெபர்சனின் விசுவாசம் எப்படிப்பட்டது என்று கேட்டால் எந்தச் சபையும் அவருக்கு ராப்போஜனம் கொடுத்திருக்காது. அற்புதங்களை நம்பாதவர். ஆனால் வர்ஜீனியாவில் அந்தச் சமயம் இருந்த லேலண்டுக்கும் அவர் கூட்டத்துக்கும் அது பொருட்டாக இல்லை. எங்கள் பிரசங்கத்தில் கைவைக்காத ஆள், எங்கள் வீட்டுப் பானையை ஜப்தி செய்யாத ஆள், அது போதும் என்றார்கள்.

வரிச் சம்பளம் வாங்கிய மேடைகள் இந்தச் சமயத்தில் என்ன செய்துகொண்டிருந்தன? மாசசூசெட்ஸில் வருடா வருடம் புதிய சட்டசபை கூடும்போது கவர்னர் முன்னால் ஒரு போதகர் தேர்தல் பிரசங்கம் செய்வார். அரசாங்கச் செலவில் அச்சாகும். நியாயமாகச் சொன்னால் எல்லாமே ஜால்ரா இல்லை. ராஜாவுக்கு எதிராக ஜனங்களைத் திரட்டியதில் இந்தப் பிரசங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஆட்சி தங்கள் ஆட்கள் கைக்கு வந்ததும் தொனி மாறுகிறது. 1798 ஜூலை 4 அன்று யேல் கல்லூரித் தலைவர் திமோதி டுவைட் செய்த பிரசங்கத்தைப் பாருங்கள்: இப்படியே விட்டால் நம் பைபிள்கள் தீயில் போகும், நம் பெண்பிள்ளைகள் இல்லுமினாட்டிகளுக்கு வைப்பாட்டிகள் ஆவார்கள் என்று மிரட்டுகிறார். ஆமாம், இன்று உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் அதே இல்லுமினாட்டிதான். சரக்கு இருநூறு வருடப் பழசு. 1800 தேர்தலில் ஜெபர்சனுக்கு ஓட்டுப் போடுவது பாவம் என்கிற அளவுக்குப் பல போதகர்கள் எழுதினார்கள். அவர் ஜெயித்தார். ஒரு பைபிளும் எரியவில்லை. எதிர்த்து நின்ற அப்போதைய ஜனாதிபதி ஜான் ஆடம்ஸோ, நான் தேசிய உபவாச நாள் அறிவித்ததுதான் என்னைப் பதவியிலிருந்து இறக்கியது என்று பிற்பாடு ஒரு கடிதத்தில் புலம்பினார்.

இனி அந்த ஜனவரி 1-க்கு வருவோம். சீஸ் வந்து இறங்கிய அதே நாள் ஜெபர்சன் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்குப் பதில். அவர்கள் எழுதியிருந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு முக்கியம்: நாங்கள் அனுபவிக்கும் மத சுதந்திரம் எங்களுக்குச் சலுகையாகத் தரப்பட்டிருக்கிறது, உரிமையாக இல்லை. ஜெபர்சன் பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவில் ஒரு சுவர் என்ற பிரசித்தமான பேச்சு வருகிறது. (தமிழ் பைபிள் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. எபேசியர் நிருபத்தில் 'பிரிவினையாகிய நடுச்சுவரை'க் கிறிஸ்து தகர்த்தார் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் சுவர் என்றாலே நமக்கு இடிக்க வேண்டியது.)

ஆனால் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? நாடாளுமன்ற மண்டபத்திலேயே ஆராதனை. பிரசங்கம் லேலண்ட். கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் ஜெபர்சனும் ஒருவர். வசனம், "இதோ, சாலொமோனிலும் பெரியவர் இங்கே இருக்கிறார்." இயேசுவைப் பற்றிய வசனம்தான். ஆனால் முந்தாநாள் சீஸ் கொடுத்துவிட்டு, ஜனாதிபதி எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதை எடுத்தால் கேட்பவன் யாரை நினைப்பான்? கூட்டத்தில் இருந்த மனாசே கட்லர் என்ற காங்கிரிகேஷனல் போதகர், எதிர்க்கட்சி எம்.பி.யும் கூட, படிப்பறிவில்லாத சீஸ் வியாபாரி என்று லேலண்டை எழுத்தில் கிழித்துவிட்டார். அதில் மேல்தட்டு ஏளனம் இருக்கிறது. ஆனாலும் அந்த ஞாயிறு லேலண்ட் வழுக்கினார் என்றுதான் நானும் நினைக்கிறேன். சுவர் கேட்டவரே சுவர் ஏறிக் குதித்த மாதிரி. ஒரு விஷயத்தில் ஜெபர்சன் கெட்டி: பரிசு வாங்குவதில்லை என்ற வழக்கப்படி சீஸுக்காக லேலண்டிடம் 200 டாலர் கொடுத்துக் கணக்கிலும் எழுதிவைத்தார்.

இதைவிடக் கசப்பான வழுக்கல் ஒன்று உண்டு. சீஸோடு வந்த வாழ்த்தில், இது ஓர் அடிமையின் உதவிகூட இல்லாமல் செய்தது என்று செஷயர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள். யாரிடம் கொடுத்தார்கள்? நூற்றுக்கு மேல் அடிமைகளை வைத்திருந்த ஜெபர்சனிடம். லேலண்ட் வர்ஜீனியாவை விட்டுக் கிளம்புமுன் அங்கத்திய பாப்டிஸ்ட் பொதுக் கமிட்டியில் ஒரு தீர்மானம் எழுதிக்கொடுத்து நிறைவேற்ற வைத்தார்: அடிமைமுறை இயற்கை உரிமையைப் பறிப்பது, குடியரசுக்கு ஒவ்வாதது. அவர் கிளம்பியாயிற்று. 1793-ல் அதே கமிட்டி கூடி, இது சட்டசபை பார்க்க வேண்டிய விஷயம் என்று வாக்கெடுத்து அடிமைமுறை விவகாரத்தைக் கைகழுவியது. சுவர் அங்கே நல்ல சாக்காக உதவியது. பணத்துக்கு வாய் மூடுவதைவிட இது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எலிசபெத் பேகஸுக்காகப் பேச வாய் இருந்தது, தோட்டத்தில் அடிவாங்கிய கறுப்பினப் பாப்டிஸ்டுக்காக இல்லை. அவனும் அதே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவன்தான்.

கனெக்டிகட்டில் வரி 1818-ல் நின்றது. அதைத் தடுக்க முழு மூச்சாய் நின்ற லைமன் பீச்சர் என்ற போதகர், அந்த நாளைப் போல இருண்ட நாளைக் கண்டதில்லை என்றார். பிற்பாடு அவரே, அந்த மாநிலத்துக்கு நடந்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று ஒத்துக்கொண்டார். அரசாங்கக் காசு நின்றதும் சபைகள் சொந்தக் காலில் எழுந்தன என்பது அவர் அனுபவம்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும், 1834-ல் மதுரைக்கும் வந்த அமெரிக்கன் மிஷன், அதே நியூ இங்கிலாந்து காங்கிரிகேஷனல்காரர்கள் நடத்தியது. மாசசூசெட்ஸில் சபை வரி ஒழிந்து ஒரு வருடத்துக்குள் மதுரை. மிஷன் அரசாங்க வரியில் ஓடவில்லை, ஜனங்கள் போட்ட காசில் ஓடியது. எங்கள் தாத்தா அந்த மிஷன் வழிவந்த சபையில் உபதேசியார். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஆச்சிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கைக்கு வரும். பல வீட்டு அரிசி கலந்து சோறு ஒரு பதமாக வேகாது என்று பாட்டி சலித்துக்கொள்வாள். ஆனால் ஊர்ப் பெரியதனக்காரரைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசத் தாத்தா யாரிடமும் கேட்டதில்லை. அவர் கலயத்தில் பெரியதனக்காரர் அரிசி இல்லை.

பட்டா விஷயத்தில் கமிட்டி அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அவர் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டா நமக்கு வர வேண்டியது. குடிமக்கள் என்ற முறையில் மனுவும் ரசீதுமாகக் கேட்க வேண்டியதை, பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திச் சால்வை போட்டுக் கேட்டால் அது சலுகையாகிவிடுகிறது. டான்பரிக்காரர்கள் முறையிட்டது இதைத்தான்.

போன வாரம் வருடாந்தரக் கணக்கு வாசித்தார்கள். பட்டா இன்னும் வரவில்லை. 'சால்வை 2' என்று இதரச் செலவில் வந்திருந்தது. யார் காணிக்கையிலிருந்து என்று கேட்கக் கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது என்று ஜெபம் பண்ணிக் கலைத்துவிட்டார்கள்.