பத்தியைப் பார்த்து எழுதுவது பதில் ஆகாது

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எழுத்தறிவு விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எனக்கும் அந்தப் பெருமை இருக்கிறது. ஆனால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ் விடைத்தாளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. பத்தியைக் கொடுத்து அதன்கீழ் கேள்வி கேட்கிறோமே, அந்தப் பகுதியைத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குப் படித்தது புரியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புரிகிறது. வாயால் கேட்டால் சொல்கிறார்கள். எழுதச் சொன்னால்தான் பத்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றி ஒரு பத்தி கொடுத்தேன். 1966-இல் பறளியாற்றின் குறுக்கே கட்டியது, 115 அடி உயரம், ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிறது, கல்குளம், விளவங்கோடு பகுதி விவசாயத்துக்கு உதவுகிறது என்று எல்லாம் அதில் இருந்தது. கேள்வி இதுதான்: "கீழே ஆறு ஓடும் இடத்தில், கால்வாய்த் தண்ணீரை ஏன் இவ்வளவு உயரத்தில் கொண்டுபோக வேண்டும்?" பாதிப் பேருக்கு மேல் எழுதிய பதில், "மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம் கொண்டது." அந்த வரியில் 'உயரம்' இருக்கிறது, கேள்வியிலும் 'உயரம்' இருக்கிறது, அதனால் எடுத்து எழுதிவிட்டார்கள். நோட்டை மூடச் சொல்லி, "சும்மா சொல்லு மக்களே, ஏன்?" என்று கேட்டேன். அதே வரியை எழுதிய பையன் சொன்னான்: "தண்ணி பள்ளத்துல எறங்கிட்டா பெறவு மேல ஏறாதுல்லா டீச்சர்."

இதைவிட நல்ல பதில் என்ன வேண்டும்? பத்தியில் இந்த வாக்கியம் கிடையாது. இரண்டு குன்றுகள், நடுவில் ஆறு, அந்தப் பக்கம் வயல் என்பதையெல்லாம் அவனே சேர்த்துப் பார்த்துச் சொன்னது. ஆனால் அதை எழுதலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தன் வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவனுக்கு இல்லை.

எப்படி இருக்கும்? புத்தகத்தில் குறுவினா, சிறுவினா, சிந்தனை வினா என்று இருக்கிறது. சிந்தனை வினாவுக்கும் கைடில் பதில் அச்சடித்து வந்துவிடுகிறது. பிள்ளை சொந்தமாக எழுதியதைக் கைடில் உள்ளதோடு ஒப்பிட்டு, "இது இல்லியே, மாத்தி எழுது" என்று வீட்டில் சொல்கிறார்கள், டியூஷனிலும் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்பு வந்தால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி, எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. வருடத்துக்கு 12,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை கிடைக்கிறது, அது வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை.

பிசா என்ற பன்னாட்டுத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009 சுற்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதை எழுதி, பட்டியலின் அடியில் வந்தன. அது 15 வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வு, நம் வகுப்புக்கு நேராகப் பொருந்தாது, சரி. ஆனால் அதில் வந்து பின்னர் வெளியிடப்பட்ட ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். பொதுச் சுவரில் படம் வரைந்து வைப்பதைப் பற்றி இரண்டு கடிதங்கள், ஒன்று எதிர்த்து, ஒன்று ஆதரித்து. 'நீ எந்தக் கருத்தோடு ஒத்துப்போகிறாய்' என்று ஒரு கேள்வி. அப்புறம், 'உன் கருத்து எதுவாக இருந்தாலும் சரி, இரண்டில் எது நன்றாக எழுதப்பட்ட கடிதம், ஏன்' என்று இன்னொன்று. எந்தக் கடிதத்தைச் சொன்னாலும், கடிதத்திலிருந்து காரணம் காட்டினால் மதிப்பெண் உண்டு. பொருள் கெடாதவரை எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

நம் வகுப்பிலும் இதைச் செய்ய முடியும். எழுதுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் பதிலைச் சொல்லச் சொல்லுங்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும், பத்தியில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு எழுதட்டும். முதல் வரி கேள்விக்கு நேரான பதில், பத்தியைத் திறக்காமல். அடுத்து, அதற்கு ஆதாரமான செய்தி. கடைசியில் அந்தச் செய்தி எப்படிக் காரணமாகிறது என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம், நேரத்தை அதில் செலவழியுங்கள். இதையும் ஒரு வாய்ப்பாடாக மனப்பாடம் செய்யவைத்தால் "பத்தியில் கூறப்பட்டுள்ளது" என்று தொடங்கிப் பழையபடி வரியைத்தான் எடுத்து எழுதுவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, எனக்கு அதிகம் பலன் கொடுத்தது. பெயர் சொல்லாமல் இரண்டு பதில்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எதற்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்று பிள்ளைகளையே கேட்பது. அவர்கள் போடும் சண்டையில் நான் ஒரு வாரம் விளக்கினாலும் புரியாதது புரிந்துவிடும்.

ஒரு வகுப்பில் நாற்பது நோட்டு, எங்கே நேரம் என்பது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். வாரம் ஒரே ஒரு கேள்வி, அதையாவது ஒழுங்காகப் படித்துப் பாருங்கள். ர, ற, ழ, ள பிழைகளைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள், கருத்துக்கான மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். வீட்டில் மலையாளம் கலந்து பேசும் பிள்ளை, கடற்கரைப் பேச்சு பேசும் பிள்ளை, எல்லாரும் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். "பெறவு" என்று எழுதினால் "பிறகு" என்று மேலே எழுதிவிட்டு முழு மதிப்பெண் போடுங்கள். ஆங்கில வழியில் படிப்பவர்கள் முதலில் தமிழில் யோசித்துச் சொல்லட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதட்டும். அங்கே மனப்பாடம் இன்னும் மோசம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தபிறகு, பத்திக் கேள்விக்கு உங்கள் பிள்ளை சொந்தமாக எழுதிய வாக்கியம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்து, அதற்கு மதிப்பெண் குறைந்திருந்தால், ஏன் என்று பள்ளியில் போய்க் கேளுங்கள். தப்பே இல்லை.

தோவாளைப் பூச்சந்தை, பேச்சிப்பாறை அணை, ரப்பர் வெட்டு பற்றியெல்லாம் நான் எழுதிய பத்திகளும் கேள்விகளும் இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வரை எடுக்கும் ஆசிரியர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். கடற்கரை ஊர்களைப் பற்றி என்னிடம் குறைவாகத்தான் இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்கும் அனுப்புங்கள்.